சாவி யாரிடம் இருக்கிறது?

டெல்லியில் குளிர் தொடங்கிவிட்டால் பட்டறைகளின் கதவுகள் மூடிக்கொள்கின்றன. ரெக்சின் சுருளும் அட்டைப் பெட்டியும் தைத்த பைகளும் கூரைவரை அடுக்கிய அதே மாடியில்தான் நம் பிள்ளைகள் வேலை முடிந்து படுக்கிறார்கள். சன்னல் இடுக்கில் சாக்கு. மூலையில் கரி அடுப்பு, அல்லது ஒட்டுப்போட்ட ஒயரில் ஒரு ஹீட்டர். சரக்கு திருட்டுப் போகக் கூடாது என்று வெளியே பூட்டு. சாவியோ முதலாளியின் வீட்டில்!

2019 டிசம்பர் 8, ஞாயிறு விடியற்காலை. ராணி ஜான்சி சாலையை அடுத்த அனாஜ் மண்டிச் சந்தில் பை தைக்கும் பட்டறைக் கட்டடம் ஒன்று பற்றிக்கொண்டது. 43 பேர் மாண்டார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. வழியெல்லாம் சரக்கு, சன்னலெல்லாம் இரும்புக் கிராதி. தீயணைப்புப் படையினர் கிராதியை அறுத்து உள்ளே போக வேண்டியதாயிற்று. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அந்தக் கட்டடத்துக்குக் கிடையாது. இறந்தவர்களில் பலர் பீகாரிலிருந்து வந்த வாலிபர்கள். நம்மைப்போலவே ரயிலேறி வந்தவர்கள், மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2018 ஜனவரி 20 அன்று, பவானாவில் 17 பேர். சரி, குளிர்காலத்தின் கோளாறு என்று சொல்லிவிடலாமா? 2022 மே 13, அக்கினி வெயிலில் முண்ட்காவில் 27 பேர் இறந்தார்களே! அங்கே ஏறி இறங்க இருந்தது ஒரே படிக்கட்டு.

குளிரின்மேல் பழிபோடுகிறவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைப் பார்க்கட்டும். மாதக்கணக்கில் பனி கொட்டும் பூமி அது. 1942 நவம்பர் 28 அன்று அதன் தலைநகர் பாஸ்டனில், கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் 492 பேர் வெந்தும் மூச்சுமுட்டியும் செத்தார்கள். முன்வாசலில் சுழல்கதவு, கூட்டம் முட்டியதும் அது சிக்கிக்கொண்டது. பக்கக் கதவுகள் சில பூட்டிக் கிடந்தன. காசு கொடுக்காமல் யாரும் நழுவிவிடக் கூடாதாம்! அதன் பிறகு அங்கே விதிகள் இறுகின. சுழல்கதவு வைத்தால் பக்கத்திலேயே வெளிப்புறம் திறக்கும் சாதாரணக் கதவும் இருக்க வேண்டும் என்றாயிற்று. 2003-இல் பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டில் இன்னொரு விடுதி எரிந்து 100 பேர் போனதும், அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸில் அத்தகைய விடுதிகளுக்குக் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் கட்டாயமாக்கப்பட்டது. குளிரில் குழாய்த் தண்ணீர் உறையாதா என்று கேட்கலாம். உறையும். ஆகவே கட்டடத்தை 4 டிகிரிக்குக் கீழே போகவிடக் கூடாது. முடியாத இடத்தில் குழாயில் காற்றை அடைத்து வைத்து, தீப்பட்டால் மட்டும் தண்ணீர் வரும்படி செய்ய வேண்டும். வெளியேறும் கதவுக்கு முன்னால் பனி குவிந்தால் வாரிக் கொட்ட வேண்டும். அங்கும் முதலாளிகள் மனமுவந்து செய்துவிடவில்லை. பிணங்களை எண்ணிய பிறகுதான் சட்டம் வந்தது. நாமும் எண்ணிவிட்டோம். நமக்கு என்ன வந்தது?

டெல்லித் தீயணைப்பு விதிகளை 2010-இல் வகுத்தபோது, தொழிற்கூடம் என்றால் எல்லா மாடியும் சேர்த்து 250 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால்தான் சான்று தேவை என்று வைத்தார்கள். சந்துக்குள் இருக்கும் சின்னப் பட்டறை தப்பித்துக்கொண்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 38-வது பிரிவில், தீப்பிடித்தால் எல்லோரும் தப்பிக்க வழி வேண்டும், அந்த வழி தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தாலே அன்று அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அந்த 10, 20 ஆகிவிட்டது. மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20 என்றிருந்தது 40 ஆகிவிட்டது. தொழில் வளரும் என்றார்கள். பதினைந்து பேர் படுத்துறங்கும் மாடிக்கு இனித் தொழிற்சாலை என்ற பெயர்கூடக் கிடையாது.

சான்று இருந்தால் மட்டும் போதுமா? காகிதத்தோடு பிழைப்பு நடத்துகிற நமக்குக் காகிதத்தின் யோக்கியதை தெரியும். சான்று வாங்கும் அன்று படிக்கட்டு காலியாக இருக்கும். மறுநாள் அதே படியில் சரக்கு ஏறிவிடும்.

நம் ஆட்கள் ஏன் புகார் கொடுப்பதில்லை என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். புகார் போனால் அதிகாரி வருவார், சீல் வைப்பார். முதலாளி வேறு சந்தில் கடை திறப்பான். வேலையும் படுக்கிற இடமும் ஒரே நாளில் போவது நமக்குத்தான். ஒவ்வொரு தீவிபத்துக்குப் பிறகும் நடக்கும் சீல் வேட்டையில் கடைசியில் தெருவில் நிற்பது தொழிலாளி. இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆகவே நமது கோரிக்கை இதுதான்: முதலில் பூட்டை எடு, கிராதியில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி செய், படியைக் காலி செய், இதற்குக் கெடு வை. கெடு தாண்டினால் மூடு. மூடிய நாட்களுக்குக் கூலியை முதலாளியிடம் வாங்கிக் கொடு. ரயில் பெட்டியில்கூட அவசரத்துக்குக் கம்பியில்லாத சன்னல் வைத்திருக்கிறார்கள். மனிதன் வருஷக்கணக்கில் தூங்கும் இடத்துக்கு அது ஆகாதா?

கரி அடுப்பைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். படுக்கும் முன் அதை வெளியே வைக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். தீயணைப்புக்கு எண் 101.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டு ஆள் வேலை செய்யும் தெரு, இரவில் எத்தனை பேர் படுக்கிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது, இவை போதும். உங்கள் பெயர் வேண்டாம். பக்கத்துப் பட்டறைப் பீகார்த் தோழர்களிடமும் கேட்டு எழுதுங்கள். தெருவாரியாகத் தொகுத்துச் சங்கத்தின் பெயரில் மனு கொடுக்கிறோம். இந்தி நன்றாக எழுதத் தெரிந்த நாலு பேர் அன்று சற்று முன்னதாகவே வந்தால் உதவியாக இருக்கும்.