வாடகை வீட்டின் தரை யாருடைய செலவு?

வாடகை வீட்டின் தரையில் ஒட்டிய வினைல் விரிப்பு சில ஆண்டுகளில் ஓரங்களில் சுருண்டு, நடுவில் உப்பி, எத்தனை முறை துடைத்தாலும் அழுக்கு நீங்காத நிலையை அடைகிறது. அப்போது குடியிருப்பவருக்கு ஓர் எண்ணம் தோன்றும். உரிமையாளரிடம் கேட்டுக் காத்திருப்பதைவிட, இதன்மேலேயே டைல்ஸ் பதித்துவிட்டால் என்ன? இதற்காகத் தனிநபர் கடன் கேட்டு வருவோரை, வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றும் நாம் காண்கிறோம். தூய்மையான தரையை விரும்புவதில் தவறில்லை. ஆனால் அந்தச் செலவைக் குடியிருப்பவர் தம் தலையில் ஏற்றிக்கொள்வதும், பழைய விரிப்பை அகற்றாமல் அதன்மேல் டைல்ஸ் பதிப்பதும் சரியல்ல என்பதே நமது கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பொருளுக்காக வாங்கும் கடனின் காலம், அப்பொருளை நாம் பயன்படுத்தும் காலத்தை மீறக்கூடாது. 400 சதுர அடித் தரைக்குப் பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 150 ரூபாய் எனக் கொண்டால், செலவு 60,000 ரூபாய். இதை 12 சதவீத வட்டியில் 24 மாதக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 2,825 ரூபாய். வாடகை ஒப்பந்தமோ பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. ஒன்பதாம் மாத இறுதியில் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால், 15 தவணைகள், அதாவது சுமார் 42,000 ரூபாய் மீதம் நிற்கும். டைல்ஸ் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அந்தப் பயன் வேறொருவருக்கு.

சட்டம் காப்பாற்றுமா? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குத்தகைதாரர் தாம் பொருத்தியவற்றை, வீடு தம் வசம் இருக்கும்போதே அகற்றிக்கொள்ள அனுமதிக்கிறது; வீட்டைப் பெற்ற நிலையிலேயே திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. மின்விசிறியைக் கழற்றிச் செல்லலாம். பதித்த டைல்ஸைப் பெயர்த்தால் எஞ்சுவது உடைசல்தான். அனுமதியின்றிப் பதித்திருந்தால் முன்பணத்திலும் பிடித்தம் வரலாம்.

மற்றொரு பக்கம், வருமான வரிச் சட்டம் வீட்டு உரிமையாளருக்கு, வாடகை வருமானத்தில் உள்ளாட்சி வரி போக மீதித் தொகையில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள இடமளிக்கிறது. அவர் பழுதுபார்ப்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிடாவிட்டாலும் இக்கழிவு உண்டு. வீட்டைப் பேணும் செலவு உரிமையாளருடையது என்பதே இதன் அடிப்படை. குடியிருப்பவர் பதித்த டைல்ஸுக்கு இத்தகைய சலுகை இல்லை.

அடுத்து, வேலையின் தரம். வினைல் வளையும், டைல்ஸ் வளையாது. வழவழப்பான வினைலைச் சிமென்ட் கலவை பற்றிக்கொள்ளாது. விரிப்பு அசையும் இடங்களில் டைல்ஸ் பிடிப்பு இழந்து, தட்டினால் வெற்றோசை தரும். பின்னர் விரிசல் விடும். இதற்கெனச் சிறப்பு அடிப்பூச்சுகள் கிடைக்கின்றன என்றாலும், விரிப்பு மெத்தைப் பகுதியற்ற ஒற்றை அடுக்காகவும் முழுவதும் இறுக ஒட்டியதாகவும் இருந்தால்தான் அவை பயன் தரும். சுருண்டும் உப்பியும் போன விரிப்பு அதற்குத் தகுதியற்றது. தரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்வதால் கதவுகளின் அடிப்பகுதியை இழைக்க வேண்டியும் வரும். நம் அடுக்ககங்களில் விரிப்புக்கு அடியில் பெரும்பாலும் மொசைக் அல்லது சிமென்ட் தரை உள்ளது. விரிப்பையும் பழைய பசையையும் நீக்கி, அந்த உறுதியான தரையில் பதிப்பதே நிலைக்கும். பல பத்தாண்டுகள் பழைய விரிப்பில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம் என்பதால், அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்கக்கூடாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? உரிமையாளரே செலவிட்டு, வாடகையை மாதம் 1,000 ரூபாய் உயர்த்தினால் 60 மாதங்களில் முதல் திரும்பிவிடும். குடியிருப்பவர் தாம் வாழும் காலத்திற்கு மட்டும் கொடுக்கிறார். அவரே முதலில் செலவிடுவதென்றால், மாதந்தோறும் 5,000 ரூபாய் வீதம் 12 மாதங்கள் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இடையில் காலி செய்தால் மீதித் தொகை முன்பணத்துடன் திரும்பத் தரப்படும் என்பதை எழுதி, இருவரும் கையொப்பமிட வேண்டும். ரசீதின் நகலை அதனுடன் இணைக்க வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்தினால் சான்று நிலைக்கும். உரிமையாளர் இரண்டுக்கும் இசையாவிட்டால், காலி செய்யும்போது சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய தரைவிரிப்பு போதும்.

வாய்மொழி உறுதிகள் உறவு நன்றாக இருக்கும்வரை மட்டுமே செல்லுபடியாகும் என்பதை வாடகை வீட்டில் வாழ்ந்த அனைவரும் அறிவர். கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன், இத்தரையின்மேல் எத்தனை மாதம் நடக்கப்போகிறோம் என்று எண்ணிப் பார்ப்போம். தவணைகளின் எண்ணிக்கை அதைவிட மிகுதியானால், அக்கடன் நமக்குரியதன்று.