செய்றவரே முத்திரை குத்தலாமா?



போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கிட்டு இருந்தப்ப ஒரு தங்கச்சி கேட்டாங்க. அவங்க மகனுக்குத் தாலசீமியா, மாசா மாசம் ரத்தம் ஏத்தணும். "அண்ணே, மரபணுவைத் திருத்திக் குணமாக்கலாம்னு சொல்றாங்களே, சாமி கொடுத்ததுல கை வைக்கிறது பாவமாண்ணே?"

நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவன். புரிஞ்சதைச் சொல்றேன்.

நோயைத் தீர்க்கிறது பாவமில்ல. 2023 நவம்பரில் பிரிட்டன் 'கேஸ்கெவி'ங்கிற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்துச்சு. 12 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு. நோயாளியோட சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, மரபணுவைத் திருத்தி, அவர் உடம்புக்கே திரும்ப ஏத்துறாங்க. அந்த மாற்றம் அவரோடயே நின்னுடும்.

ஆனா 2018-இல் சீனாவில் ஹெ ஜியான்குய் என்ற விஞ்ஞானி கருவிலேயே மரபணுவைத் திருத்தி, இரட்டைப் பெண் குழந்தைங்க பிறந்ததா அறிவிச்சார். அது பேரப்பிள்ளைங்க வரைக்கும் போகக்கூடிய மாற்றம். நெறிமுறைக் குழுவோட அனுமதிப் பத்திரமே போலின்னு தெரிஞ்சு, 2019-இல் 3 வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தாங்க. ஆனா குழந்தைங்க பிறந்தது பிறந்ததுதானே?

பாக்டரியில மெஷின் ஓட்டுறவரே தன் பொருளுக்கு கியூசி முத்திரை குத்த முடியாது. அவர் கெட்டவர்னு இல்ல. தன் வேலையில உள்ள குறை தன் கண்ணுக்குத் தெரியாது, டார்கெட் வேற கழுத்தைப் பிடிக்கும். நம்ம ஆலயத்துலயும் பொருளாளர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும், கணக்காய்வாளர் பார்த்து ஆண்டுக் கூட்டத்துல படிச்சாதான் கணக்கு.

நம்ம பேராவிலேயே பாடம் இருக்கு. ஈப்போ பக்கம் புக்கிட் மேராவில், ஏஷியன் ரேர் எர்த் ஆலையோட கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் 1985-இல் வழக்குப் போட்டாங்க. 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்துல ஜெயிச்சாங்க, மறுவருஷம் மேல்முறையீட்டுல தோத்தாங்க. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டுச்சு. பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்கு முதல்லயே ஒரு நாற்காலி போட்டிருந்தா, கோர்ட்டு வாசல்ல இத்தனை வருஷம் நின்னிருப்பாங்களா?

அதனால என் கருத்து இதுதான். மரபணு ஆராய்ச்சியை மேற்பார்க்கிற குழுவுல டாக்டர், விஞ்ஞானி மட்டும் போதாது. நோயுள்ள பிள்ளையோட அம்மா, வழக்கறிஞர், சமயத்தவர், எல்லா இனத்தவரும் உட்காரணும். அந்த ஆராய்ச்சியில லாபம் பார்க்கிறவர் யாரும் அதுல இருக்கக் கூடாது. முடிவை மலாய், சீனம், தமிழில் எல்லாருக்கும் புரியுற மாதிரி வெளியிடணும். தப்பைப் பார்த்தவர் பயமில்லாம சொல்ல வழி வேணும்னு உலக சுகாதார நிறுவனமும் 2021-இல் சொல்லியிருக்கு. பரம்பரைக்கே போற மாற்றத்துக்கு இப்போதைக்குக் கதவைத் திறக்கவே கூடாது.

"இத்தனை பேர் உட்கார்ந்தா தாமதமாகும், பிள்ளைங்க காத்திருக்க முடியுமா?" நியாயமான கேள்விதான். அதுக்குக் குழுவுக்குக் கெடு வைக்கலாம். கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறது வழியில்ல.

தங்கச்சிக்கும் இதைத்தான் சொன்னேன்: "பாவமில்லம்மா. ஆனா யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டாங்கன்னு கேளு."

கடைசியா ஒண்ணு. படிவம் 4 பிள்ளைங்களுக்குப் பள்ளியிலேயே தாலசீமியா பரிசோதனை இருக்கு. பாரத்தைப் படிச்சுப் பார்த்துட்டு மறக்காம அனுமதி கொடுங்க. நம்ம கையில இருக்கிற கையெழுத்து அது.

எல்லாருக்கும் அம்மன் துணை.