கணக்கு ஜெயித்தது... விதி மாறியது!



"என்னப்பா, ஆண்டு மலர்ல போய் சீட்டாட்டத்தைப் பத்தி எழுதறியே?" என்று முகம் சுளிக்காதீர்கள். ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகும் செல்போன் வெளிச்சத்தில் ரம்மி ஆடி, செமஸ்டர் ஃபீஸைத் தொலைத்துவிட்டுத் திருதிருவென விழித்த நண்பன் ஒருவனை நேரில் பார்த்தவன் நான். "இது சூதாட்டம் இல்லடா, திறமை! மூளை இருக்கிறவன் ஜெயிப்பான்" என்பான் அவன்.

மூளை இருந்தால் ஜெயித்துவிட முடியுமா? இதற்குப் பதில் சொல்ல ஓர் ஆட்டம் இருக்கிறது. அதுதான் கேசினோக்களில் 'பிளாக்ஜாக்' எனப்படும் இருபத்தொன்று.

இது பழைய ஆட்டம். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1613-ல் வெளியிட்ட கதை ஒன்றில், இருபத்தொன்று ஆடி ஊரை ஏமாற்றும் பையன்கள் வருகிறார்கள். பிரான்சில் பிரபலமாகி, கடல் தாண்டி அமெரிக்கா போனது. 1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்பூர்வமாக்கிய பின் கேசினோக்களில் நிரந்தர இடம் பிடித்தது.

ஆட்டம் எளிது. கைச்சீட்டின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் டீலரைவிட அதிகம் இருக்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கிக்கு 10. ஏஸுக்கு 1 அல்லது 11. சரி, கேசினோக்காரனுக்கு லாபம் எங்கே? முதலில் சீட்டு கேட்க வேண்டியவர் நீங்கள்! 21-ஐத் தாண்டினால் உங்கள் பணம் அப்போதே போச்சு. பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பி வராது. சூட்சுமம் அவ்வளவுதான்.

இதைக் கணக்கால் மடக்கப் பார்த்தவர்கள் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ரோஜர் பால்ட்வினும் அவருடைய மூன்று நண்பர்களும். மேஜைக் கால்குலேட்டரைத் தட்டித் தட்டியே, எப்போது சீட்டு கேட்பது, எப்போது நிறுத்துவது என்று கண்டுபிடித்து 1956-ல் ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். அதன்படி ஆடினால், கட்டும் 100 ரூபாய்க்குச் சராசரி நஷ்டம் ஒரு ரூபாய்க்கும் கீழே!

அடுத்து வந்தார் எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர். சுழலும் ரூலட் சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது, சீட்டுக்கட்டுக்கு உண்டு. சின்னச் சீட்டுகள் போய்விட்டால் கட்டில் மிச்சமிருப்பவை பெரிய சீட்டுகள்தானே? அது ஆடுபவருக்குச் சாதகம். அப்போது பந்தயத்தைக் கூட்டு! எம்.ஐ.டி.யின் ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு இதை நிரூபித்தார். அவருடைய 1961-ஆம் ஆண்டுக் கட்டுரையை அமெரிக்க அறிவியல் அகாதமி இதழுக்குப் பரிந்துரைத்தவர் கிளாட் ஷானன். ஆமாம், நம்ம கம்யூனிகேஷன் பாடத்தில் வருகிற அதே ஷானன்தான்! 1962-ல் தோர்ப்பின் புத்தகம் வந்து பரபரப்பாக விற்றது.

கணக்கு ஜெயித்துவிட்டது. கேசினோக்காரன் தோற்றானா? அதுதான் இல்லை! 1964-ல் லாஸ் வேகாஸில் விதிகளை இறுக்கினார்கள். கூட்டம் குறையவே, பழையபடி தளர்த்தினார்கள். ஆனால் சும்மா இருக்கவில்லை. ஒரு கட்டுக்குப் பதில் ஆறு கட்டு, எட்டுக் கட்டு கலந்தார்கள். சீட்டைக் கலைத்துக்கொண்டே இருக்கும் மெஷின் வந்தது. எண்ணி ஆடுபவரை வெளியே அனுப்பினார்கள். அப்படி அனுப்பும் உரிமை கேசினோவுக்கு இல்லை என்று 1982-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நெவாடாவில் அந்தத் தீர்ப்பு செல்லாது. இன்னும் கேளுங்கள்: முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 100-க்கு 150 கொடுத்த இடத்தில், இன்று பல மேஜைகளில் 120-தான். ஆட்டம் அதே ஆட்டம். கணக்கு மட்டும் கடைக்காரன் பக்கம்!

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டு என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்று சட்டம் இயற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்று நாம் இன்னும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். அது தவறான கேள்வி என்பது என் கருத்து. 'விதியை எழுதுவது யார்?' என்பதே சரியான கேள்வி. ஆன்லைன் ரம்மியில் யார் ஜெயித்தால் என்ன, ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டதே! என் நண்பனின் மூளையில் குறையில்லை. மேஜைதான் அடுத்தவனுடையது.

தோர்ப்கூடக் கடைசிவரை சீட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கவில்லை. கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நண்பர்களே, நாமும் கணக்கைக் கற்போம், கம்ப்யூட்டரைக் கற்போம். சீட்டை மட்டும் கீழே வைப்போம்!

— இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் துறை