கரண்டி பிடித்தவனும் சிப்பாய்தான்

மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ், உடம்பு வாகாக இருந்தால் பட்டாளம். கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பழகிய வழி. போனவன் துப்பாக்கி பிடித்தால் ஊரே பெருமை பேசும். மெஸ்ஸில் கரண்டி பிடித்தால் அதை வெளியே சொல்ல வீட்டாருக்கே கூச்சம்.

அந்தக் கூச்சத்துக்கு நியாயமே இல்லை. கடற்படையில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களைச் சமையலராகவும் ஸ்டூவர்டாகவும் எடுக்கிறார்கள். ஸ்டூவர்ட் என்றால் தட்டு எடுத்துக் கொடுப்பவர் மட்டுமல்ல. அதிகாரிகள் மெஸ்ஸில் என்றைக்கு என்ன உணவு என்று திட்டமிடுவது, சரக்கறை இருப்பு, மதுவகைகள், பணக் கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. ஆயுதப் பயிற்சியும் உண்டு. ராணுவத்தில் மெஸ் கீப்பருக்கு எட்டாம் வகுப்பே போதும். ஆனால், மெஸ் வேலையின் கனம் அந்தத் தகுதிக் கோட்டில் தெரியாது. 5,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. சியாச்சினில் அந்தத் தண்ணீரையே பனியை உருக்கித்தான் எடுக்க வேண்டும். அங்கே வேளைக்குச் சூடாகச் சோறு போடுவதும் போர்த்தொழில்தான்.

அரை நூற்றாண்டுக்கு முன் நிறுத்திய சிறுதானிய மாவை 2023இல் ராணுவம் மீண்டும் ரேஷனில் சேர்த்தது. அரிசி, கோதுமை ஒதுக்கீட்டில் 25 சதவீதம் வரை கம்பு, சோளம், கேழ்வரகு வாங்கலாம். நல்ல முடிவு. ஆனால் கம்பு மாவு, அரைத்த சில நாளிலேயே கசக்கத் தொடங்கும். அவ்வப்போது தேவைக்கு மட்டும் அரைப்பது கரிசல் வீடுகளில் பாட்டிமார் கைப்பழக்கம். அதைப் பார்த்து வளர்ந்த பையன் மெஸ்ஸில் இருந்தால், அது அந்தப் படைப்பிரிவுக்கு லாபம்.

அப்படிப்பட்டவனை நான்கே ஆண்டில் வீட்டுக்கு அனுப்புகிறது 2022இல் வந்த அக்னிபத் திட்டம். நூற்றுக்கு 25 பேர் வரைதான் நீடிக்கலாம். மற்றவர்களுக்குச் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும்; ஓய்வூதியம் கிடையாது. 2022 இறுதியில் சேர்ந்த முதல் அணிக்கு 2026 இறுதியில் கெடு முடிகிறது.

திரும்புகிறவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் இடஒதுக்கீடு என்கிறார்கள். அது மறுபடியும் காவல் வேலைக்கான கதவு. நூற்றுக்கணக்கான பேருக்கு வேளை தவறாமல் சமைத்த கைக்கு ஓட்டல் தொழிலில் என்ன மதிப்பு? திறன் சான்றிதழ் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ‘திருப்திகரம்’ என்று ஒற்றை வரி இருந்தால் பயனில்லை. எத்தனை பேருக்குச் சமைத்தார், எந்தச் சரக்குக் கணக்கைப் பார்த்தார், உணவுப் பாதுகாப்பில் என்ன பயிற்சி பெற்றார் என்று விவரமாக எழுத வேண்டும். அதைக் கொண்டு திருச்சி துவாக்குடியிலுள்ள மாநில ஓட்டல் மேலாண்மை நிறுவனம் இவர்களை நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கான அரசாணையை முதல் அணி ஊர் திரும்பும் முன்பே தமிழக அரசு போட வேண்டும்.