பலகைகள் அகன்றால் பொறுப்புணர்ச்சி பிறக்குமா?

வீதியோரக் குறியீட்டுப் பலகைகள் குறையக் குறைய வாகனச் சாரதியின் பொறுப்புணர்ச்சி வளரும் என்னும் கருத்து, கடந்த சில தசாப்தங்களாக ஐரோப்பிய நாடுகளிலே செல்வாக்குப் பெற்று வந்துள்ளது. கட்டளைகள் மனிதனைச் சிந்திக்காதவனாக்குகின்றன. அவற்றை நீக்கினால் அவன் தானே சிந்திப்பான் என்பது இதன் சாரம். சுதந்திரம், பொறுப்பு ஆகிய உயரிய சொற்களைத் துணைக்கொண்டு வருவதால் இக்கருத்து கேட்போரை எளிதிற் கவர்கின்றது. ஆயின், கவர்ச்சியுடையன யாவும் உண்மையாதல் இல்லை.

இக்கோட்பாட்டின் மூலவராகக் கருதப்படுபவர் நெதர்லாந்தின் போக்குவரத்துப் பொறியியலாளர் ஹான்ஸ் மொண்டர்மன் (1945 - 2008). பிறீஸ்லாந்து மாகாணக் கிராமங்களிலே 1980களிற் பரிசோதனைகளைத் தொடங்கிய அவர், பின்னர் டிறாக்ரன் நகரில் நாளொன்றுக்கு 20,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் கடக்கும் சந்தியொன்றிலிருந்து சமிக்ஞை விளக்குகளை அகற்றுவித்தார். பலரும் அஞ்சியவாறு அங்கு விபத்துக்கள் பெருகவில்லை. வாகனங்களின் காத்திருப்பும் குறைந்தது. இவ்வெற்றியை மறுப்பதற்கில்லை. வீதியின் தோற்றமே உணர்த்த வேண்டியதைப் பலகையில் எழுதி வைத்துக் கடமை முடிந்ததென எண்ணிய அதிகாரிகளின் சோம்பலை அவர் கண்டித்ததும் நியாயமே.

ஆயின், அச்சந்தியிலே அகற்றப்பட்டவற்றை மட்டும் கூறி, புதிதாகக் கட்டப்பட்டதைக் கூறாது விடுவது நேர்மையன்று. அங்கு சுற்றுவட்டமொன்று அமைக்கப்பட்டது. சுற்றுவட்டம் எந்நாட்டிலும் வேகத்தைக் குறைப்பது. உயிர்ப்பலி கொள்ளும் நேர் மோதல்களையும் குறுக்கு மோதல்களையும் அரிதாக்குவது. விளக்குச் சொன்னதை அங்கே கல்லும் வளைவும் சொல்லின. கட்டளை மறையவில்லை, அதன் வடிவமே மாறிற்று.

சட்டமும் மறைந்துவிடவில்லை. நெதர்லாந்தின் 1994ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, மோட்டார் வாகனம் பாதசாரியையோ துவிச்சக்கரவண்டி ஓட்டுபவரையோ மோதினால், தவிர்க்கவியலாத சூழ்நிலை நிரூபிக்கப்பட்டாலன்றி, வாகன உரிமையாளரே நட்டஈட்டுக்குப் பொறுப்பாவார். மெலியோரின் பக்கம் நிற்கும் இத்தகைய சட்டம் பின்னணியில் இருக்க, சாரதியின் நிதானத்துக்கு அவனது மனச்சாட்சியை மட்டும் காரணமாகக் காட்டுவது எவ்வாறு பொருந்தும்?

நிச்சயமின்மையே எச்சரிக்கையைத் தரும் என்பர் இக்கோட்பாட்டினர். அவ்வெச்சரிக்கை எத்துணைக் காலம் நிலைக்கும் என்ற வினாவுக்குச் சுவீடன் விடை தருகின்றது. 1967 செப்டெம்பர் 3ஆந் திகதி அந்நாடு இடப்புறப் போக்குவரத்தைக் கைவிட்டு வலப்புறத்துக்கு மாறியது. பழக்கம் குலைந்த சாரதிகள் அஞ்சி அஞ்சி ஓட்டினர், வேக எல்லைகளும் தற்காலிகமாகக் குறைக்கப்பட்டிருந்தன, விபத்துக்கள் குறைந்தன. ஆனால் ஏறத்தாழ ஈராண்டுகளில் அவை பழைய நிலையை எய்தின. அச்சம் பழக்கமாகியதும் எச்சரிக்கையும் அகன்றது. அச்சத்திற் பிறந்த நிதானத்தைப் பொறுப்புணர்ச்சி எனப் பெயரிட்டழைப்பது சொற்குழப்பமேயன்றி வேறன்று.

இவை யாவற்றினும் பாரதூரமான குறையொன்று உண்டு. பலகையும் விளக்கும் நடைபாதை விளிம்பும் அற்ற வீதியிலே, சாரதியும் பாதசாரியும் கண்ணொடு கண் நோக்கி வழியைப் பகிர்ந்துகொள்வர் எனப்படுகின்றது. கண்ணற்றவர் எவ்வாறு நோக்குவர்? தம் கொள்கையை மெய்ப்பிக்க மொண்டர்மன் வாகனங்களிடையே பின்புறமாக நடந்து காட்டுவதுண்டு. அவர் விரும்பியபோது திரும்பிப் பார்க்கவல்லவர். விழிப்புலனற்றோருக்கோ அந்நடை நாளாந்த நிர்ப்பந்தம். முதியோரும் சிறுவரும் அந்நிலைக்கு அண்மையிலேயே உள்ளனர். இத்தகையோரின் முறைப்பாடுகளின் பின்னர், 2018ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசாங்கம், நடைபாதையும் வீதியும் ஒரே மட்டத்தில் அமையும் புதிய திட்டங்களை இடைநிறுத்துமாறு இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

வலியோனும் மெலியோனும் விதியற்ற வெளியிலே சந்திக்கும்போது, பேச்சுவார்த்தை சமமானதாய் இருப்பதில்லை. ஒருவன் இழக்கக்கூடியது சில கணங்கள். மற்றவன் இழக்கக்கூடியது உயிர். இவ்வேற்றத்தாழ்வை மறைத்துக்கொண்டு சுதந்திரம் பேசுவோர், அறிந்தோ அறியாமலோ, வலியோனின் சுதந்திரத்தையே பேசுகின்றனர்.

நெதர்லாந்தின் வரலாறே இதற்குச் சான்று. 1971ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குழந்தைக் கொலையை நிறுத்துக எனும் முழக்கத்துடன் பெற்றோர் தெருவிலிறங்கிப் போராடினர். அதன் பின்னரே வேகம் தணிக்கும் வீதியமைப்பும் தனியான துவிச்சக்கரவண்டிப் பாதைகளும் பரவலாயின. சாரதிகளின் உள்ளம் தானே கனியும் எனக் காத்திருந்து அப்பெற்றோர் தம் பிள்ளைகளைக் காக்கவில்லை. வீதியை மாற்றுமாறு அரசை நிர்ப்பந்தித்தே காத்தனர்.

எனவே, பயனற்ற பலகைகள் அகற்றப்படலாம், அகற்றப்படவும் வேண்டும். ஆனால் அவற்றின் இடத்தை வேகந்தணிக்கும் வீதியமைப்பும் மெலியோரைக் காக்கும் சட்டமும் நிரப்புதல் வேண்டும். அவையின்றிப் பலகையை மட்டும் பிடுங்கியெறிவது பொறுப்பை வளர்ப்பதாகாது. அரசு தன் பொறுப்பைப் பாதசாரியின் தலையிற் சுமத்துவதே ஆகும்.