உடைந்த ஓடும் உடையாத உள்ளமும்

குற்றாலத்திற்குச் சாரல் காலத்தில் வருவோருள் சிலர் அருவியில் நீராடிய கையோடு சித்திர சபைக்கும் சென்று, சுவரோவியங்களைக் கண்டு வியந்து திரும்புவர். அன்று மாலை தாம் தங்கியுள்ள விடுதியின் மொசைக் தரைமீது நடக்கும்போது, இதைப் போட்ட கை யாருடையது என்று அவர்களுள் ஒருவரேனும் கேட்பதுண்டா? சுவரில் தீட்டியவர் கலைஞர். தரையில் பதித்தவர் கூலியாள். இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்பதே நம் வினா.

இவ்வினாவை நம்முள் எழுப்பியவர் நம் வகுப்பில் பயின்ற தென்காசி மாணவர் ஒருவர். தந்தையார் என்ன தொழில் செய்கிறார் என்று வினவியபோது, "கட்டட வேலை" என்று தலைகுனிந்து சொன்னார். பின்னரே அறிந்தோம், அத்தந்தையார் மொசைக் தரையில் பூவும் கொடியும் பதிப்பதில் கைதேர்ந்தவர் என்று. மகனுக்கும் அக்கை வாய்த்திருக்கிறது. கடைக்காரர்கள் கழித்துப்போட்ட ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, வீட்டுத் திண்ணையில் ஒரு மயிலைப் பதித்து வைத்திருக்கிறார். அதை நமக்குக் காட்டவும் அவர் கூசினார். அந்தக் கூச்சம் நம்மை வருத்தியது.

அவருக்கு நாம் சொன்னது நேக் சந்தின் கதையை. 1924 இல் இன்றைய பாகிஸ்தானின் ஷகர்கர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையில் ஊரை இழந்து இந்தியப் பக்கம் வந்தவர். சண்டிகர் நகரம் புதிதாக எழுந்துகொண்டிருந்த காலத்தில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை கிடைத்தது. லெ கொர்புசியே வகுத்த அந்நகருக்காகப் பல சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அவ்விடிபாடுகளில் கிடந்த உடைந்த பீங்கான், கண்ணாடி வளையல், குளியலறை ஓடு, மின்சாதனத் துண்டு ஆகியவற்றையெல்லாம் மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு, நகரின் ஓரத்துக் காட்டுக்குள் அவர் சேர்த்து வைத்தார். 1957 அளவில் தொடங்கிய பணி அது. பகலில் அரசு வேலை. இரவில் இந்த வேலை. ஓவியப் பள்ளியின் வாயிலை அவர் மிதித்ததில்லை. பழைய மிதிவண்டிச் சட்டங்களை உள்ளெலும்பாக நிறுத்தி, சிமெண்டுக் கலவையால் உடல் தந்து, மேலே வளையல் துண்டுகளைத் தோலாகப் போர்த்தினார். ஆடுவோர், இசைப்போர், குரங்கு, பறவை என வரிசை வரிசையாக ஒரு மௌன நாடே அங்கு உருவாயிற்று. ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஊரார்க்கு அது தெரியாது!

அவர் பிறந்த அதே பஞ்சாபில்தான் லாகூர் வசீர்கான் பள்ளிவாசலின் வண்ண ஓட்டு வேலைப்பாடு ஷாஜகான் காலந்தொட்டு நிற்கிறது. துண்டுகளைச் சேர்த்து முழுமை காண்பது அம்மண்ணுக்குப் புதியதன்று.

1970களின் நடுவில் மறைவு வெளிப்பட்டது. அது அரசு நிலம். கட்டடம் எதுவும் எழக்கூடாத பகுதி. சட்டப்படி இடித்திருக்கலாம். அரசு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கண்டோர் வியந்தனர். அதிகாரிகளுள்ளும் இரசிகர் இருந்தனர். 1976 இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளமும் உதவிக்கு ஐம்பது தொழிலாளரும் தரப்பட்டனர். 1984 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிற்பாடு சாலைக்காகப் புல்டோசர்கள் வந்தபோது நகர மக்கள் கைகோத்து நின்று மறித்தனர். 2015 இல் அவர் மறைந்தார். 2025 இல் உயர் நீதிமன்றப் பக்கத்துச் சாலைப் பணிக்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. இம்முறையும் எதிர்ப்புக் குரல் எழுந்தது, சுவர் மிஞ்சவில்லை.

கலைஞனின் வழியைக் கலைஞன் மட்டுமே அமைப்பதில்லை என்று நாம் கருதுவது இதனால்தான். நேக் சந்தின் கை அவருடையது. அக்கையின் விளைவு நிலைத்தது பார்த்தவர் கண்ணால். இதைப் பிற ஊர்க்காரர்க்கு விளக்க வேண்டியிருக்கலாம். நம் ஊர்க்காரர்க்கு வேண்டுமா? வழக்கறிஞருக்குப் படித்தும் கம்பனைச் சுவைப்பதையே வாழ்வாகக் கொண்ட டி.கே.சி. தம் இறுதிக் காலத்தைக் கழித்தது இந்தக் குற்றாலத்தில்தான். கவிதை எழுதியதற்காகவா அவரை 'இரசிகமணி' என்றோம்? சுவைக்கத் தெரிந்ததற்காக. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு மாணவர் தம் கைத்திறனை ஒளித்து வைக்கிறார் என்றால், குறை அவரிடத்தில் இல்லை. பட்டம் பெற்றால் இத்தொழிலை விட்டுவிடலாம் என்று நாமே அன்றாடம் அவருக்குச் சொல்லி வருகிறோமே! பெற்றோரும் சொல்கின்றனர், ஆசிரியரும் சொல்கின்றோம். பட்டமும் வேண்டும், அதில் ஐயமில்லை; நேக் சந்தும் வேலையை விட்டுவிட்டுக் கலைக்கு வந்தவர் அல்லர். ஆனால் படிப்பு வந்ததும் கை போய்விட வேண்டும் என்பது என்ன நியாயம்?

நம் துறைக் கருத்தரங்கிற்குப் புலவர்களை அழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். இம்முறை அம்மாணவரின் தந்தையாரையும் அழைக்கலாம் என்று நினைத்து, தென்காசியில் அவர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்திற்கே சென்று கேட்டோம். மொசைக்கின் ஈரம் காயுமுன் கோடு இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"மேடையில பேச எனக்குத் தெரியாது ஐயா. வேணும்னா ரெண்டு சதுர அடி போட்டுக் காட்டுறேன். தம்பியும் கூட இருக்கட்டும்" என்றார்.