நரம்பு மெலிந்தால் கண்ணோடு போகுமா?

பந்தல்குடி பஸ் ஸ்டாப்பில் மதுரை வண்டிக்கு நின்றபோது, பக்கத்தில் ஒரு ஆச்சி. மடியில் எட்டு மாதப் பேரன். வளையலை ஆட்டினால் சத்தம் வந்த பக்கம் தலை திரும்பியது, பார்வை திரும்பவில்லை. கருவிழிகள் இரண்டும் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தன.

“முழி நிக்க மாட்டேங்கு தாயி. கண்ணு நரம்பு மெலிஞ்சிருக்காம். வைத்தியம் கிடையாதுன்னுட்டாக. கிரகணத்தன்னிக்கு இவ வெளிய வந்தா, சொன்னா கேட்டாத்தான?”

பக்கத்தில் இருந்த பிள்ளையின் தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பழி அநியாயம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேல் இழைகள் உண்டு. சில குழந்தைகளுக்குக் கருவிலேயே அவை குறைந்துபோகின்றன. கிரகணத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தக் குறை இளவயதுத் தாய்மாரின் முதல் குழந்தைகளிடம் சற்று அதிகம் காணப்படுகிறது. அதுவும் யார் செய்த தப்பும் அல்ல.

வைத்தியம் இல்லை என்பதோ பாதி உண்மை. மெலிந்த நரம்பைத் தடிக்க வைக்க மருந்து இல்லைதான். ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை வரும் என்று யாராவது சொன்னால், நம்பி நிலத்தை விற்றுவிடாதீர்கள். பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்த நரம்புகள் இரண்டும் சந்திக்கும் இடத்துக்குக் கீழேயே பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. இந்தக் குழந்தைகளில் பலருக்கு அதுவும் சரியாக வேலை செய்யாது என்பதை அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாய்ட் 1970-லேயே எழுதிவிட்டார். வளர்ச்சி ஹார்மோன், தைராய்டு, கார்ட்டிசால் என்று எது வேண்டுமானாலும் குறையலாம். கார்ட்டிசால் குறைந்த பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சலே எமன். சர்க்கரை இறங்கி, வலிப்பு வந்து, உயிரே போய்விடலாம். தடுக்க மாத்திரை உண்டு.

“பிறந்தப்ப மஞ்சக்காமாலை இருந்துச்சாம்மா?” என்று அந்தத் தாயைக் கேட்டேன்.

“ஒன்றரை மாசம் இருந்துச்சுக்கா. வெயில்ல காட்டச் சொன்னாக.” அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வாரக்கணக்கில் இறங்காத காமாலை, பிறந்ததும் சர்க்கரை குறைவு, ஓயாத தண்ணீர்த் தாகம், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமை – எல்லாமே சுரப்பி சரியில்லை என்பதற்கான அடையாளங்களாக இருக்கலாம். காமாலை இருந்த கதையை மருத்துவரிடம் சொல்லி ஹார்மோன் பரிசோதனை கேட்கச் சொன்னேன். தன் ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டாள்.

எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண் என்றால் மதுரைக்குப் பஸ் ஏறும் பழக்கம் நம் கரிசல்காட்டுக்கு அப்படி வந்தது. நல்ல பழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அதோடு நிற்காமல், குழந்தை மருத்துவரிடமும் ஒரு நடை போக வேண்டும்.

மூன்று மாதமாகியும் பிள்ளை முகம் பார்க்கவில்லையா, போகப்போகச் சரியாகும் என்று இருக்காதீர்கள். நரம்பு மெலிவு என்று தெரிந்தால் மூளை ஸ்கேனும் ஹார்மோன் பரிசோதனையும் கேளுங்கள். ஒருமுறை சரியாக இருந்தாலும் குறை பிறகு வரலாம். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பாருங்கள்.